உப்பளத்துக் கம்பங்கள்

உப்பளத்து வெயிலைப் பற்றிச் சுடலைவடிவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினோரு வயதில் உப்பு வாரும் பலகையைப் பிடித்தவள் அவள். சித்திரை மாசத்து மத்தியானம் பாத்தியில் எப்படிக் கொதிக்கும் என்று அவள் உள்ளங்காலைக் கேட்டாலே சொல்லும். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு முன்னால், கத்திரி வெயிலின் நட்டநடுவே, மத்தியானம் ஒரு மணிக்கு, உப்பளத்தில் இருக்கும் பதினான்கு வெப்பக் கம்பங்களும் முப்பத்துமூன்று டிகிரி என்று காட்டினால் அவள் நம்புவாளா? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு!

வடிவு வேலை பார்த்த இடத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் நீளமானது. தூத்துக்குடிக்காரர்கள் அதைச் சுருக்கிக் 'குடை' என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கொள்ளை வெயில் வந்தது. பங்குனியில் ஏறிய சூடு ஆனி வரை இறங்கவில்லை. ஒரே கோடையில் அந்தக் கரையில் நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். வடிவின் அண்ணன் லிங்கமுத்துவும் அதில் ஒருவன். உப்பளத்து வரப்பில் விழுந்தவன், எழவே இல்லை. மறுவருஷம் குடை வந்தது. கடலில் ஆளில்லாப் படகுகள் அறுபது. கடல் தண்ணீரைப் பனிப்புகைபோல் மேலே ஊதிக்கொண்டே இருக்கும். அந்த நுண்ணிய உப்பு மேகத்தில் கலந்தால் மேகம் வெளுக்கும். வெளுத்த மேகம் வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சங்கதி அவ்வளவுதான்.

எத்தனை படகு ஊத வேண்டும் என்பதை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. கரை நெடுக முப்பது கம்பங்கள் நட்டிருந்தார்கள். உப்பளத்தில் பதினான்கு, ஊருக்குள் பதினாறு. ஒவ்வொன்றின் நடுவிலும், நெஞ்சு உயரத்தில், வெப்பம் அளக்கும் வெள்ளைப் பெட்டி. முப்பதின் சராசரி முப்பத்துநான்குக்கு மேல் ஏற ஏறப் படகுகள் கூடும். அதற்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். முதல் வருஷம் ஆபீசில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு பெரிய மனிதர் தன் மகள் கல்யாண ஊர்வலத்துக்கு நிழல் வேண்டும் என்று அதைப் போடச் சொன்னார். அதே நாள் இன்னொரு பெரிய மனிதர் தன் மிளகாய்வற்றல் காய வேண்டும் என்று அணைக்கச் சொன்னார். அந்தக் கூத்துக்குப் பிறகு சுவிட்சைப் பிடுங்கிவிட்டு, வானத்தில் மனிதக் கையே படக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். கம்பத்தில் கை வைத்தால் மூன்று வருஷம் ஜெயில்.

கம்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்த மாதம்தான் வடிவுக்கு வந்திருந்தது. அவளுடைய மேலதிகாரி ஃபெலிக்ஸ் தேவஇரக்கம் நல்ல மனிதர். ஃபைலுக்கு மட்டும் பயப்படுவார். சுக்குக் காப்பியை ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஊதி ஊதிக் குடிப்பார்.

"சார், உப்பளத்துக் கம்பம் பூரா பொய் சொல்லுது," என்றாள் வடிவு.

"டிரோன் பறந்து எடுத்த கம்பத்துப் படமெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"டிரோன் மேல இருந்து பாக்குது சார். அதுக்குக் கம்பத்தோட தலை மட்டும்தான் தெரியும். நான் நேர்ல போயிட்டு வாரேன்."

"பொய்னா எவ்வளவு இருக்கும்?"

"அஞ்சு டிகிரி. நான் அங்கனயே கிடந்தவ. எனக்குத் தெரியாதா?"

ஃபெலிக்ஸ் காப்பியைக் கீழே வைத்தார். "யாரும் கை வச்சிருந்தா பேரை எழுதித் தரணும் வடிவு. சொந்தம் பந்தம்னு பாக்க முடியாது. முன்னாலயே சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் காரணம் இருந்தது. லிங்கமுத்துவின் மனைவி பொன்மாரி, வடிவுக்கு மயினி, இன்னும் அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தாள்.

உப்பளத்துக்குப் போய்ப் பார்த்த வடிவு அசந்து நின்றுவிட்டாள். முதல் கம்பத்துக்கு கழுத்து முதல் அடி வரை மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம், வேப்பங்குலை, காய்ந்த செவ்வரளி மாலை. வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. அதற்கு மேல் முக்காலி கட்டி ஒரு மண்பானை. பானையின் அடியில் ஓட்டை போட்டு, திரி செருகி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சாக்கில் விழுந்துகொண்டிருந்தது. பதினான்கு கம்பத்துக்கும் பதினான்கு பானை!

"என்ன மயினி இது?"

பொன்மாரி முழங்கால்வரை கட்டிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள். "தெரியலையா? கம்பத்தையா. கும்பிட்டுக்க."

"கும்பிடவா! இதுக்கு யாரு பானை கட்டுனது?"

"நான்தான். கத்திரி பொறந்தா சிவன் கோயில்ல லிங்கத்துக்கு மேல சொட்டுப் பானை கட்டுவாகல்ல? சாமிக்குச் சூடு தணியட்டும்னு. அஞ்சு வருஷத்துக்கு முன்ன ஒருநா இந்தக் கம்பத்தைப் பாத்தேன். எங்களை மாதிரியே நாள் பூரா வெயில்ல நிக்கி. பாவமா இருந்துச்சு. ஒரு பானையைக் கட்டினேன். மூணாம் நாளு வானம் தெளிஞ்சு வெயில் வந்துச்சு. ஒம்போதாம் நாளு உப்பு பூத்துச்சு. பொறவு எல்லாரும் கட்டிட்டோம்."

பின்னால் நின்ற இசக்கியம்மாள், வேலைக்காரப் பெண்களில் வாயாடி, எடுத்துக் கொடுத்தாள். "குடை வந்ததுல இருந்து பாத்தியில மாசக்கணக்கா உப்புத் தெளிதண்ணி கட்டிக் கெடந்தாலும் உப்பு விளையல. அம்பது வீட்டுல அடுப்பு எரியல. எந்தச் சாமியும் கேக்கல. இவுகதான் கேட்டாக."

வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வரப்பில் அவர்களை உட்கார வைத்துச் சொன்னாள். இது சாமி இல்லை, மெஷின். இது சூட்டை அளந்து படகுகளுக்குச் சொல்கிறது. நீங்கள் குளிர வைத்ததால், ஊரே குளிர்ந்துவிட்டது என்று நினைத்துப் படகுகள் குறைகின்றன. வெயில் வருகிறது. அந்த வெயில் உங்கள் பாத்தியில் மட்டும் விழவில்லை, பிள்ளைத்தாச்சிகள் மேலும் கிழடுகட்டைகள் மேலும் விழுகிறது.

"அண்ணனைக் கொன்ன வெயில் மயினி அது. நீங்களே அதைக் கூப்பிட்டு விடலாமா? இதுக்கு மூணு வருஷம் ஜெயில், தெரியுமா?"

இசக்கியம்மாள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்மாரி ஏதோ சொல்ல வந்தவள்போல வடிவின் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். முதல் பானையை அவளே அவிழ்த்தாள். ஈரச்சாக்கை எடுத்தாள். சேலை முந்தியை நனைத்துக் கம்பத்து மஞ்சளை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். படிச்ச புள்ள," என்றாள்.

சாயங்காலத்துக்குள் பதினான்கு கம்பமும் வெள்ளை வெளேரென்று நின்றன. வடிவு யார் பெயரையும் எழுதவில்லை. 'பறவை எச்சம், சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினாள். ஃபெலிக்ஸ் படித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே சராசரி ஏறியது. அறுபது படகும் ஊதத் தொடங்கின. வைகாசி போனது, ஆனி போனது. வானம் தண்ணீர் கலந்த பால்போல் வெளுத்தே கிடந்தது. ஊருக்குள் ஜனங்கள் சந்தோஷமாக இருந்தார்கள். மத்தியானம் கடைத்தெருவில் கூட்டம் நடமாடியது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தெளிதண்ணீர் நின்றது. உப்பு பூக்கவில்லை. முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீதிப் பேரையும் அடுத்த மாதம் அனுப்பிவிட்டு இறால் குட்டை வெட்டப் போவதாகப் பேச்சு. இதெல்லாம் வடிவுக்குத் தெரியும். உயிரைவிட உப்பு பெரிதா என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆடி பிறந்தபோதுதான் இன்னொன்று வந்து சேர்ந்தது. கிழக்கே, சுமத்ராவுக்கும் அப்பால், பங்குனியில் ஒரு எரிமலை வெடித்திருந்தது. அதன் நுண்தூசி வானத்தின் மேலடுக்கில் பரவி மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டது. சூரியன் மத்தியானத்திலும் பழைய பத்துப்பைசா மாதிரி மங்கி நின்றான்.

"சார், இப்பக் குடை மடங்கணுமே?" என்று வடிவு கேட்டாள். அவள் சேலைக்கு மேல் சால்வை போட்டிருந்தாள். தூத்துக்குடியில், ஆடி மாசத்தில், சால்வை!

"மடங்கும். எரிமலை ஒரு குடை, நம்மளது ஒரு குடை. ரெண்டும் சேர்ந்து விரிஞ்சா ஆபத்து. அதுக்குத்தானே கம்பத்தை நட்டது? ஊர் குளிர்ந்தா கம்பம் சொல்லும். படகு தானா நின்னுரும்."

"மடங்கலைன்னா?"

ஃபெலிக்ஸ் ஜன்னல் வழியே கடலைக் காட்டினார். "இந்தக் கடல் இப்ப சூடாகணும். அப்பத்தான் ஆவி கிளம்பும். ஐப்பசிக் காத்து அந்த ஈரத்தைத் தூக்கிட்டு வந்து கரையில கொட்டும். கடல் குளிர்ந்துபோச்சுன்னா காத்து வெறுங்கையோட வரும். மானாவாரி பூமி அவ்வளவும் போச்சு. குடிக்கிற தண்ணியும் போச்சு. ஒரு வருஷத்தோட முடியாது வடிவு. தூசி அடங்க ரெண்டு வருஷம் ஆகலாம்."

"ஆவணி முடியறதுக்குள்ள மடங்கணும்?"

"மடங்கியே ஆகணும்."

மடங்கவில்லை. ஆடி பதினெட்டுக்குக் காற்றின் சூடு இருபத்தெட்டு டிகிரி. உப்பளத்துக் கம்பம் பதினான்கும் இருபத்தெட்டு என்று ஒழுங்காகச் சொல்லின. ஆபீஸ் பலகையில் சராசரி மட்டும் முப்பத்தைந்தை ஒட்டியே நின்றது. படகுகள் ஊதிக்கொண்டே இருந்தன. ஊருக்குள் இருக்கும் பதினாறில் பதினைந்து, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தன. சால்வை போட்ட ஊரில் நாற்பத்திரண்டு! உப்பளத்துக்குப் போனது மாதிரி ஊருக்குள் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று வடிவு அப்போதுதான் தன்னையே கேட்டுக்கொண்டாள். உப்பளத்தின் சூடு அவளுக்குத் தெரியும். அதனால் அங்கே பொய்யைக் கண்டுபிடித்தாள். ஊருக்குள் இருப்பவர்கள் படித்தவர்கள், அவர்கள் கம்பம் பொய் சொல்லாது என்று எண்ணியிருக்கிறாள்.

முதல் கம்பம் ஒரு குடியிருப்புக் காலனியின் முனையில் இருந்தது. இருந்தது என்று சொல்லலாமா? அதைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே கம்பத்தின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக்கூரை, வாசலில் மணி. 'அருள்மிகு குளிர்ச்சியம்மன்' என்று பெயர்ப்பலகை. உள்ளே கம்பத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தது. வெள்ளைப் பெட்டிக்கு நேர் கீழே ஓர் இரும்புத் தட்டில் அணையா விளக்கு. அதைச் சுற்றி நூறு நெய் விளக்குகளுக்கு மேல். சின்ன அறை, கதகதவென்று வெந்துகொண்டிருந்தது.

ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு திரி போட்டுக்கொண்டிருந்தாள். காந்திமதி என்று பெயர் சொன்னாள்.

"விளக்கு வருஷம் பூரா எரியுமாம்மா?" என்று வடிவு கேட்டாள்.

"குடை வந்த மறுவருஷத்துல இருந்து எரியுது. வெயில் கூடக் கூட விளக்கும் கூட்டுவோம். இப்ப இவ்வளவு குளிர்ச்சி குடுத்திருக்காளே தாயி, அதனால ஆடி மாசம் பூரா நூத்தியெட்டு. எல்லாக் கோயில்லயும் நேர்ந்திருக்காங்க."

"இதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமா? நான் குடை ஆபீஸ்தான்."

காந்திமதி சிரித்த முகம் மாறிவிட்டது. "யக்கா, அந்தப் பெரிய வெயில்ல எனக்குத் தலைப்பிள்ளை பிறந்துச்சு. கரண்ட் இல்ல. ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்தேன். பதினேழு நாள் இருந்துச்சு. அவ்வளவுதான். இவன் ரெண்டாவது. இவன் நிக்கிறது இந்தக் குளிர்ச்சியிலதான். இவளுக்கு விளக்குப் போடாம நான் வேற யாருக்குப் போட?"

குழந்தை வடிவின் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் மிச்சக் கம்பங்களையும் பார்க்கப் போனாள். மொத்தம் பதினொன்றில் கோயில். மூன்றில் வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கம்பத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள். ஒன்றின் அடியில் வடைச்சட்டி. ஒன்றே ஒன்று உண்மை பேசியது. அது சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

கணக்கு அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்து வருஷமாக அந்தக் கரையின் வானத்தைத் தாங்கியது விஞ்ஞானமும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு பக்கம் பானை, மறு பக்கம் விளக்கு. ஒருவர் வெயிலுக்கு இழுக்க, மற்றவர் குளிர்ச்சிக்கு இழுக்க, கயிறு நடுவில் நின்றது. இரண்டு பொய்யும் சேர்ந்து ஓர் உண்மையாக நின்றது. அதில் ஒரு பொய்யைக் கழுவி எடுத்தவள் அவள்தான். ஏன் அந்தப் பக்கம்? உப்பளத்துப் பெண்கள் அவள் சொன்னதைக் கேட்டார்கள், அதனால்தான். இளைத்தவன் முதுகில்தானே எல்லோரும் ஏறுகிறார்கள்! நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஃபெலிக்ஸிடம் போய்க் கொட்டினாள். அவர் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கோயில்னு ஆயிட்டா கலெக்டரே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போவாரு வடிவு. அதுல போய் விளக்கை அணைன்னா ஊரு ரெண்டாயிரும். மேல எழுதறேன். கமிட்டி போடுவாங்க. பதில் வரத் தை மாசம் ஆகும்."

"ஐப்பசி மழை தை மாசம் வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா சார்?"

"சுவிட்ச் இருந்தா அணைச்சிருவேன். சத்தியமா அணைச்சிருவேன். இல்லையே. வேற வழி எனக்குத் தெரியல."

வேறு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் பொன்மாரியின் கையாலேயே துடைக்க வைத்திருந்தாள்.

மறுநாள் காலை உப்பளத்தில் பெண்கள் வெறுமனே வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். தெளிதண்ணீர் சும்மா கிடந்தது. வடிவு போய் நின்றதும் இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவு ஒன்றையும் மறைக்கவில்லை. ஊர்க் கம்பம், விளக்கு, காந்திமதியின் பிள்ளை, எரிமலை, மழை எல்லாவற்றையும் சொன்னாள்.

"பானை கட்டணும் மயினி. இந்தப் பதினாலும் இன்னும் நாலு டிகிரி இறங்கினாப் போதும், குடை மடங்கிரும். நானே கட்டுதேன். ஜெயிலுக்குப் போறதுன்னா நான் போறேன். பானை மட்டும் குடுங்க."

பொன்மாரி நிமிர்ந்து பார்த்தாள். "சாமின்னு நெனச்சு ஊத்துனோம். கம்பம்னு நீ வந்து சொன்ன. கழுவிட்டோம். இனி தெரிஞ்சே ஊத்துனா அது களவு. களவுக்கு என்னைக் கூப்பிடுதியா?"

"ஆமா மயினி. கூப்பிடுதேன்." வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமாவும் இருக்கு. தூசி ஒருநா அடங்கும். வெயில் திரும்பவும் ஏறும். திரும்பவும் அண்ணன் மாதிரி இங்கன ஒருத்தர் விழுந்தா, நான்தான் வெயிலைக் கூட்டியாந்தேன்னு ஆயிரும்ல? அதை நெனச்சா..."

"உங்கண்ணனை வெயில் கொல்லல வடிவு."

வடிவுக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"அன்னைக்கு லாரி நின்னுச்சு," என்றாள் பொன்மாரி. அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "லோடு ரொம்பாம யாரும் வரப்பை விட்டு எறங்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டான். குடத்துல தண்ணி தீந்து ரெண்டு மணி நேரமாச்சு. பதினோரு மணிக்கே தலை சுத்துதுன்னாரு. சித்த உக்காந்துக்கிடுதேன்னு கேட்டாரு. உக்காந்தா நாளைக்கு வராதன்னான். அப்படியே உக்காந்தாலும் எங்கன உக்கார? கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு நிழல் உண்டா? வெயிலு நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயும் இருந்துச்சு. கூடுதலாச்சு, இல்லைங்கல. ஆனா ஒரு கொட்டகையும் ஒரு குடம் தண்ணியும் இருந்திருந்தா அவுக பொழச்சிருப்பாக."

"எங்கிட்ட ஏன் மயினி சொல்லல?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள உனக்குக் குடையில வேலை வந்திருச்சு. அண்ணனைக் கொன்ன வெயிலை நான் அடக்கிப் போடுதேன்னு நீ நின்ன நெலையில, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. நீயாவது தேறட்டும்னு விட்டுட்டேன்." அவள் முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வானத்துக்கே குடை பிடிச்சாக. எத்தனை படகு, எத்தனை ஆபீசு! எங்களுக்கு நாலு கம்பு ஊனி ஒரு ஓலைக் கொட்டகை போடணும்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தியா?"

வடிவு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். ஏழு வருஷத்துக்கு முன் அழுததைவிட அதிகமாக அழுதாள். இசக்கியம்மாள்தான் முதலில் வந்து தோளைத் தொட்டாள். பிறகு பெண்கள் தள்ளிப்போய்த் தங்களுக்குள் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். பொன்மாரி திரும்பி வந்தாள்.

"நீ கட்டக் கூடாது. நீ ஆபீஸ்காரி. நீ கட்டுனாக் குத்தம், உள்ள தூக்கி வச்சிருவான். நீயும் போயிட்டா அங்கன எங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"நீங்க கட்டுனாலும் குத்தம்தானே மயினி?"

"ஊருக்குள்ள விளக்கைத் தொட ஒருத்தனுக்காவது தைரியம் வந்துச்சா? அவுகளுக்கு அம்மன்னா எங்களுக்கு ஐயா. எசக்கி, மஞ்சளைக் கரை. மணி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு, பெருசா, ஊருக்கே கேக்கணும். தப்புன்னா அந்தச் சாமி எங்களைத் தண்டிக்கட்டும், போலீசு வேண்டாம்."

"மயினி..."

"நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு வடிவு. நீ ஒண்ணும் பாக்கல."

வடிவு திரும்பி நின்றாள். பின்னால் பானைகள் வரும் சத்தம் கேட்டது. ஒருத்தி குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று மத்தியானம் பலகையில் சராசரி முப்பத்துநான்கைத் தாண்டிக் கீழே வந்தது. ஒரு படகு நின்றது. அப்புறம் ஐந்து. மூன்று மணிக்குள் அறுபதும் ஊதுவதை நிறுத்திவிட்டு அலையில் ஆடிக்கொண்டிருந்தன. ஃபெலிக்ஸ் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"உப்பளத்துக் கம்பம் திடீர்னு குளிருதே வடிவு. என்ன விஷயம்?"

"எரிமலைத் தூசி சார்."

"ஊருக்குள்ள அந்தத் தூசி விழலையா?"

"அங்க விளக்கு எரியுது சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஊர்க் கம்பங்களைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதிய அறிக்கையை அவர் மேசையில் வைத்தாள். உப்பளத்துக் கம்பங்களுக்கு நேராகச் 'சரி' என்று எழுதியிருந்தாள். அவள் தெரிந்தே எழுதிய பொய். அந்தச் சின்ன வார்த்தைக்கு வேறு பெயர் சூட்ட அவள் முயலவில்லை. அந்தக் கரையில் அதுவரை பொய் சொன்னவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் சொல்வது முழுதாகத் தெரியாது. தெரிந்து சொன்ன ஒரு சிலரில் இப்போது அவளும் ஒருத்தி. கமிட்டி வரும்வரை ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த 'சரி'யை எழுத வேண்டும். கமிட்டி வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. மழை வந்தால் போதும் என்று இருந்தது.

ஃபெலிக்ஸ் பேனாவைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"வேற ஏதாவது?"

"நாலு நாள் லீவு வேணும் சார்."

"இந்த நேரத்துலயா? எதுக்கு?"

வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேகத்தின் வெள்ளை அங்கங்கே கிழிந்து, மங்கிய மஞ்சள் வெளிச்சம் கடலில் விழத் தொடங்கியிருந்தது.

"நாலஞ்சு நாள்ல வெயில் ஏறிரும் சார். அதுக்குள்ள உப்பளத்துல ஒரு கொட்டகை போடணும்."